ஆட்டுக்குப் பின்னால் வந்த நிலம்

வைகைக்குத் தெற்கே, கருவேலமும் வெயிலும் தவிர வேறெதுவும் தாராளமாக இல்லாத அந்தச் சீமையில், தை அறுப்பு முடிந்து வயலெல்லாம் வெறும் தாளாகக் காய்ந்து கிடந்த ஒரு காலையில், பூமயில் ராத்திரி வயலில் போட்ட கிடையை எழுப்பி ஆடுகளை வரப்புக்கு வெளியே ஓட்டியபோது, அவற்றுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலமும் எழுந்து வந்தது.

அரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். எரு தின்று தின்று கறுத்த மண்; ஓரமெல்லாம் பிட்டு வைத்த களி மாதிரி உதிர்ந்தும் உதிராமலும், தரையைவிட ஒரு சாண் உயரத்தில், ஈரச் சாக்கை இழுப்பது போன்ற மெல்லிய சத்தத்தோடு, கடைசி ஆட்டுக்கும் தனக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டு அது வந்தது. ஆடு நடந்தால் நடந்தது, ஆடு நின்றால் நின்றது. நொண்டிக் குட்டி ஏதும் பின்தங்கிவிட்டதா என்று பார்ப்பது போலத்தான் பூமயில் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, முன்னால் போய்க்கொண்டிருந்த புருஷன் சாத்தையாவுக்குக் குரல் கொடுத்தாள்.

“ஏங்க, பின்னால ஒரு நிலம் வருது.”

சாத்தையா கம்பை ஊன்றி நின்றார். “யாரு நிலம்?”

“தெரியலயே.”

“தெரியாம எதுக்கு ஓட்டிட்டு வர்ற? வெரட்டி விடு. உடையவன் வந்தா நம்மளத்தான் கேப்பான்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. அடுத்த கிடையிலிருந்து ஒரு குட்டி வழிதவறிக் கலந்துவிட்டாலே ஊர் கூடிப் பேசுகிற தொழில் அது. பூமயில் கம்பை ஓங்கிக்கொண்டு போய் “போ, போ, ஒன் எடத்துக்குப் போ” என்று விரட்டினாள். நிலம் நின்றது. அவள் திரும்பி நடந்தாள். நிலமும் நடந்தது. மத்தியானம் வரைக்கும் இப்படியே விரட்டிப் பார்த்துவிட்டு, அவள் அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

கிடைக்காரர்களின் பிழைப்பு இன்னதென்று தெரியாதவர்கள் இருக்கலாம். அறுப்பு முடிந்த வயலில் ராத்திரிக்கு ஆடுகளை அடைத்துப் போட்டால், விடிவதற்குள் புழுக்கையும் மூத்திரமுமாக அந்த மண்ணுக்கு ஒரு வருஷச் சாப்பாடு விழுந்துவிடும். வயல்காரர் அதற்குக் கூலி கொடுப்பார். மறுநாள் அடுத்த வயல், மறுமாதம் அடுத்த ஊர், அடுத்த தாலுகா, அடுத்த ஜில்லா. சீமையில் பாதி வயலுக்குச் சோறு போட்டது பூமயிலும் சாத்தையாவும்தான் என்று சொன்னால் மிகையில்லை, ஆனால் அந்த வயல் எதிலும் ஒரு பிடி மண் அவர்களுக்குக் கிடையாது. பயிர் பச்சை கட்டும்போது அவர்கள் ஊரைவிட்டுப் போயிருப்பார்கள். தாங்கள் எரு வைத்த மண்ணில் என்ன விளைந்தது என்பதைக்கூட அடுத்த வருஷம் வந்துதான் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

முதலில் உரிமை கேட்டு வந்தவர், முந்தின நாள் கிடை படுத்த வயலின் சொந்தக்காரர் செல்லச்சாமி அம்பலம். என் வயலில் படுத்து, என் வயலிலிருந்து எழுந்து வந்த மண் என்னுடையதாகத்தானே இருக்க வேண்டும் என்பது அவர் பேச்சு, அதில் நியாயமும் இருந்தது. போய் அவர் வயலை அளந்தார்கள். கல்லுக்குக் கல் சரியாக இருந்தது, ஒரு குழி குறையவில்லை. சேதி பரவி, அதற்கு முந்தின ஊர், அதற்கும் முந்தின ஊர் என்று சாத்தையாவின் கிடை எங்கெல்லாம் படுத்ததோ அங்கெல்லாம் சங்கிலி பிடித்து அளந்தார்கள். யாருக்கும் குறையவில்லை. ஒரே ஒருவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது, அவர் மறுபடி அளக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எப்படி வந்தது, ஏன் வந்தது என்பது டீக்கடைகளில் கொஞ்ச நாள் ஓடியது. வயலுக்கு வயல் குளம்பில் ஒட்டிய மண் சேர்ந்து சேர்ந்து இப்படி ஆகிவிட்டது என்றார் ஒருவர். போட்ட எருவுக்கு மண் காட்டுகிற நன்றி என்றார் இன்னொருவர். மண்ணுக்கு இருக்கிற நன்றி மனுசனுக்கு ஏன் இல்லை என்று மூன்றாமவர் கேட்க, பேச்சு அங்கிருந்து, சொத்தைப் பிரித்துக்கொண்டு முகம் திருப்பிப் போன தம்பிமார் பக்கம் போய்விட்டது. அதற்குப் பிறகு காரணத்தை யாரும் தேடவில்லை, ஏனென்றால் நிலம் கண்ணுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது, அதற்கு வழிவிடுகிற வேலையே எல்லாருக்கும் சரியாக இருந்தது.

மினி பஸ் ஓட்டும் அருள்தாஸ் முதல் நாள் ஹாரன் அடித்துப் பார்த்தார், இரண்டாம் நாள் ஆட்டு மந்தைக்கு ஒதுங்குவது போல அதற்கும் ஒதுங்கினார், பிறகு ‘நிலம் முன்னால போகுது, கொஞ்சம் லேட்டாகும்’ என்று அவர் சொன்னால் பஸ்ஸில் இருந்தவர்கள் சரி என்று வெற்றிலை போட ஆரம்பித்தார்கள். கண்மாய்க் கரையில் ஆடுகள் தண்ணீர் குடிக்கும்போது நிலமும் கரையில் ஓரம் சாய்த்து உறிஞ்சியது, கண்மாயில் தண்ணீர் சற்றே இறங்கியது, பாசனக்காரர்கள் சத்தம் போட்டார்கள், சத்தம் போட்டுவிட்டு உட்கார்ந்து பேசினார்கள், பேசி, கடைமடை நிலத்துக்கு எப்படி ஒரு முறை உண்டோ அப்படி இதற்கும் ஒரு முறை என்று வைத்தார்கள். பெண்களோ, சும்மா போகிற ஈர மண்ணைப் பார்த்தால் கை சும்மா இருக்காமல், ஊருக்கு ஊர் ஒரு பிடி கம்பு, ஒரு பிடி தட்டைப்பயறு, ஒரு பிடி எள் என்று வீசினார்கள், இது யாருக்கு விளையும் என்று வீசிய ஒருத்தியும் கேட்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. ஒரு நிலம் எழுந்து போகலாம் என்றால் எல்லா நிலமும் போகலாம் அல்லவா? அந்தப் பயம் நிலம் வைத்திருந்த சம்சாரிகளைப் பிடித்துக்கொண்டது. வருஷக்கணக்கில் மூட்டை உரத்தைக் கொட்டியதோடு திரும்பிப் பார்க்காதவர்கள் காலையில் எழுந்ததும் வயலை ஓடிப் பார்த்தார்கள், இருக்கிறது என்றதும் பெருமூச்சு விட்டார்கள், இருக்கிறபோதே கவனிப்போம் என்று குப்பையும் சாணமும் கண்மாய் வண்டலும் வண்டி வண்டியாகக் கொண்டுபோய் அடித்தார்கள், வரப்பில் உட்கார்ந்து மண்ணோடு நல்ல வார்த்தை பேசியவர்களும் உண்டு. அந்த வருஷம் சீமை முழுக்க விளைச்சல் கூடியது. அதிகாரிகள் அதற்கு வேறு காரணம் எழுதினார்கள்.

மாசி கழிந்து பங்குனி பிறந்தபோது, நடந்துகொண்டே முளைத்து, நடந்துகொண்டே கிளைத்து, பயிர் இடுப்பளவு நின்றது. வறண்ட கண்மாய்ப் பொட்டலைச் செம்மறிகள் கடக்க, அவற்றுக்குப் பின்னால் அந்தப் பச்சை கடந்து வந்ததைப் பார்த்தவர்கள் கடைசி வரை அதை மறக்கவில்லை. மேலே கொக்குகள் வட்டமிட, பயிருக்குள் ஒரு மயில் ஏறி நின்று நாலாபக்கமும் பார்த்தபடி பயணம் செய்ய, ஈர மண்ணின் வாசம் ஒரு ஊருக்கு முன்னாலேயே வந்து சேர, வெயிலில் வெடித்துக் கிடந்த தரைமேல் ஒரு வெள்ளாமை சத்தமில்லாமல் போயிற்று. சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து நின்றார்கள். சாலையில் புல்லட்டில் வந்த செல்லச்சாமி அம்பலம் வண்டியை நிறுத்தி இறங்கினார், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அது கடந்து போகிறவரை நின்றார். இத்தனை வருஷம் தன் முதுகுக்குப் பின்னால் புழுதிதான் எழுந்தது, இப்போது பயிர் எழுந்து வருகிறதே என்று நினைத்து, பூமயில் ஆடு ஓட்டுகிற சாக்கில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் அந்த நிலத்தில் அவள் கால் வைத்ததில்லை. சாத்தையாவும் வைத்ததில்லை. கிடைக்காரர் வீட்டுப் பிள்ளை நடக்கப் பழகியதும் வாங்குகிற முதல் அடியே வெள்ளாமைக்குள் கால் வைத்ததற்காகத்தான் இருக்கும். ஆடு பயிரில் வாய் வைத்தால் பஞ்சாயத்து, அபராதம், ஊரைவிட்டு வெளியேற்றம், அதனால் அவர்களுடைய பாதங்கள் வரப்பைக் கண்டதும் தானாகத் திரும்பிவிடும். இந்தப் பயிரையும் அவர்கள் அப்படித்தான் காத்தார்கள். ஒரு ஆடு அந்தப் பக்கம் தலையைத் திருப்பினாலே பூமயிலின் கம்பு உயர்ந்துவிடும், ‘ஏய்’ என்ற அதட்டல் வந்துவிடும், ஆடு விலகும், அப்போதெல்லாம் நிலமும் திட்டு வாங்கிய நாய் போல ஓரடி பின்வாங்கி, மறுபடி மெல்ல வரும். ஆடு பசித்த வயிற்றோடு கருவேலங்காயைப் பொறுக்கித் தின்ன, பின்னால் கம்புப் பயிர் பூவெடுத்தது.

இந்த நேரத்தில்தான் அவள் வி.ஏ.ஓ. ஆபீஸுக்குப் போனாள். சாத்தையாவின் முழங்கால் இரண்டும் வீங்கிக்கொண்டே வந்தன. காலையில் எழுந்து நிற்பதற்கே கம்பும் அவள் தோளும் வேண்டியிருந்தது. பெரியாஸ்பத்திரியில், இனிமேல் நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், நடக்காமல் எங்கே உட்காருவது என்பதை அவர்கள் சொல்லவில்லை. அதைத்தான் பூமயில் ராவும் பகலுமாக நினைத்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தால் எழுந்திரு என்று யாரும் சொல்லாத ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான்.

வி.ஏ.ஓ. நளாயினி நல்ல மாதிரியான பெண். ஆபீஸ் வாசலில் நிலம் வந்து நிற்பதை எட்டிப் பார்த்துவிட்டு, பட்டாவுக்கு நாலு பக்கமும் எல்லை சொல்ல வேண்டும் என்றாள்.

“கிழக்க யாரு நிலம்க்கா?”

“கிழக்க எங்க ஆடு.”

“மேக்க?”

“நேத்து கருவக்காடு. இன்னிக்கு ஒங்க ஆபீசு.”

நளாயினி பேனாவை மூடி வைத்தாள். சிரிக்கவில்லை, அவளுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. நிலம் ஒரு போகத்துக்கு ஒரே இடத்தில் நிற்கட்டும், தானே வந்து அளந்து மேலே எழுதி அனுப்புகிறேன், எவ்வளவு தூரமானாலும் பின்தொடர்ந்து பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். நிற்காத நிலத்துக்கு எழுத அரசாங்கத்திடம் வழியில்லை என்றும் சொன்னாள்.

நிலம் நிற்க வேண்டுமென்றால் ஆடு நிற்க வேண்டும். ஆடு ஒரே இடத்தில் நின்றால் எதைத் தின்னும்? பூமயில் இதைப் போட்டுப் புரட்டிப் புரட்டிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தாள். ஆடு இருப்பதால்தானே நிலம் பின்னால் போகிறது, ஆடே இல்லையென்றால் யார் பின்னால் போகும்? ஆட்டை விற்றுவிட்டால் நிலம் நிற்கும், பட்டா கிடைக்கும், விளைந்ததை அறுத்துக்கொண்டு ஒரு குடிசை போட்டு இருந்துவிடலாம். சாத்தையாவிடம் சொன்னாள். ஆடில்லாத தன்னை அவருக்கு நினைத்துப் பார்க்கத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து ஆட்டு மூச்சுக்கு நடுவில் தூங்கியவர்.

“நீங்க நடக்க முடியாம விழுற அன்னிக்கு, ஒங்கள எந்த ஊரு மரத்தடியில நான் உக்கார வைக்கிறது?” என்றாள் பூமயில்.

“சரித்தா, வித்துரு” என்றார் சாத்தையா.

சித்திரை முதல் வாரத்தில் யாகூப் ராவுத்தர் லாரியோடு வந்தார். அவருடைய வாப்பா காலத்திலிருந்தே இந்தக் கிடையின் கிடாய்களை வாங்கிப் பழகியவர், மொத்தக் கிடையையும் வாங்குவதில் அவருக்குச் சந்தோஷமில்லை, இரண்டு தரம் யோசித்துக்கொள்ளச் சொன்னார். பூமயில் யோசித்துவிட்டேன் என்றாள். புறம்போக்கு மேட்டில் நிலம் நின்றது, கதிர் முற்றிப் பழுப்பு ஏறிய கம்பு லேசாகத் தலையாட்டியது. ஒவ்வொரு ஆடாகப் பலகை வழியே லாரியில் ஏறியது. சாத்தையா ஒவ்வொன்றின் முதுகையும் தொட்டு அனுப்பினார், கடைசி ஆடு ஏறியதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். லாரி கிளம்பியது.

நிலம் அசையவில்லை. பூமயில் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாரி புளியமர வளைவைத் தாண்டி மறைந்தது, ஆடுகளின் கத்தல் தேய்ந்தது, அப்போது நிலத்தின் ஓரமெல்லாம் ஒரு நடுக்கம் ஓடியது, மயில் பறந்து இறங்கியது, நிலம் மேட்டிலிருந்து சரிந்து சாலையில் ஏறி லாரி போன திக்கில் போக ஆரம்பித்தது.

அதுவரை அது ஆட்டு நடைக்கு மேல் நடந்ததில்லை. அன்றைக்கு ஓடியது. அருள்தாஸ் மினி பஸ்ஸை நிறுத்தி பூமயிலையும் சாத்தையாவையும் ஏற்றிக்கொண்டு, வழியில் கை காட்டிய யாருக்கும் நிற்காமல், அதன் பின்னாலேயே விட்டார். கம்புக் கதிர்கள் பின்னால் படுத்துச் சீற, தட்டைக்கொடிகள் பறக்க, மேலே ஒரு மேகம் அளவுக்குக் குருவிகள் திரண்டு கூடவே வர, அரை ஏக்கர் வெள்ளாமை தார்ச் சாலையில் போயிற்று. எதிரே வந்த டிராக்டர்கள் பள்ளத்தில் இறங்கி நின்றன. சாலையோரம் வேலை செய்துகொண்டிருந்த நூறு நாள் வேலைக்காரர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு எழுந்தார்கள், கும்பிட்டவர்கள் கும்பிட்டார்கள், மற்றவர்கள் வாயில் கை வைத்தார்கள். அது போன பிறகு சாலை மழை பெய்தது போல ஈரமாகக் கிடந்தது. ‘என்ன காரியம் பண்ணிட்டேன்’ என்று மட்டும் பூமயில் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மானாமதுரைப் பக்கம் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. லாரி நின்றது. நிலம் போய் அதன் பின்பலகைக்கு ஓரடி தள்ளி நின்றது, ஓடி வந்த மாடு போல அதன் மேற்பரப்பு ஏறி இறங்கியது. ஆடுகள் கம்பிக்கு நடுவே முகத்தை நீட்டிக் கத்தின. யாகூப் ராவுத்தர் இறங்கி வந்தார், நிலத்தைப் பார்த்தார், தலையில் இருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார், பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்த பூமயிலைப் பார்த்தார்.

“சொந்தக்காரன் பின்னாலயே வந்து நிக்கும்போது நான் எப்படித் தங்கச்சி ஓட்டிட்டுப் போறது?” என்றார், நிலத்தைக் காட்டி. சொல்லிவிட்டு அவரே பின்பலகையை அவிழ்த்து இறக்கினார்.

ஆடுகள் குதித்தன. ஒன்றன்மேல் ஒன்றாகக் குதித்து, நேராக, எந்தத் தயக்கமும் இல்லாமல், அந்தக் கம்புப் பயிருக்குள் பாய்ந்தன. பூமயிலின் கைக்கம்பு தானாக உயர்ந்தது, தொண்டையிலிருந்து அதட்டல் தானாக வந்தது, வெள்ளாமை போச்சே என்று பதறி அவள் ஓரத்துக்கு ஓடினாள்.

“ஏத்தா” என்றார் பின்னால் நொண்டி வந்த சாத்தையா. “யாரு வெள்ளாமைன்னு வெரட்டுற?”

பூமயில் நின்றுவிட்டாள். பதில் அவளுக்குத் தெரியும், ஆனால் அந்த வார்த்தையை அவள் நாக்கு ஒரு நாளும் சொன்னதில்லை, சொல்லிப் பழகாத வார்த்தை வெளியே வர நேரமானது. கம்பு காற்றிலேயே நின்றது. ஆடுகள் கதிரை உருவித் தின்கிற சத்தம் கேட்டது. அத்தனை மாதமாக, அத்தனை ஊராக, இந்த நிலம் எதற்குப் பின்னாலேயே வந்தது, ஒவ்வொரு தரமும் தான் எதை விரட்டினோம் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

“நம்ம வெள்ளாமை” என்றாள். கம்பு கீழே இறங்கியது. “நம்ம ஆடு. மேயட்டும்.”

சொன்னதும் நிலம், தலைச்சுமையை இறக்கி வைத்தவர் உட்காருவது போல, மெதுவாகச் சாலையைவிட்டு இறங்கி, கேட் ஓரத்துப் பொட்டலில் அமர்ந்தது. ஒரு சாண் உயரம் தாழ்ந்து ஓரங்கள் தரையோடு தரையாகப் பொருந்தின, எது பழைய மண் எது வந்த மண் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பின்னால் போக இனி அதற்கு யாருமில்லை, எல்லாம் உள்ளேயே இருந்தன. தின்றது பின்னால் விழுந்தது, விழுந்ததைக் குளம்புகள் மிதித்து மண்ணுக்குள் அனுப்பின, அந்த மண்ணுக்கு முதல்தடவையாகத் தன்னிடம் விளைந்ததே திரும்பக் கிடைத்தது. சாத்தையா கம்பை ஊன்றி ஊன்றிப் பயிருக்குள் போய், ஆடுகளுக்கு நடுவில், வீங்கிய கால்களை நீட்டி உட்கார்ந்தார். பூமயில் ஓரத்தில் கொஞ்சம் நின்றாள், பாதம் பழக்கத்தில் திரும்பப் பார்த்தது, அதைப் பிடித்து உள்ளே வைத்தாள், பிறகு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

ரயில் போயிற்று. கேட் திறந்தது. வெறும் லாரி போயிற்று, அருள்தாஸ் கையை ஆட்டிவிட்டு மினி பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு போனார், காத்துக் கிடந்த கார்களும் டிராக்டர்களும் சைக்கிள்களும் ஒவ்வொன்றாக அவர்களைக் கடந்து போயின. அன்றைக்கு எல்லாரும் போக, அவர்கள் இருந்தார்கள்.